வாத்தியாருக்கு வந்த கடிதம்

வாசகர் கேள்வி – பதில்

ஆசிரியர்மீது மனத்தைப் பறிகொடுக்கும் மாணவியைப் பற்றிய ஒரு நாடகத்தைக் குறித்து வந்த கடிதமும், அதே நிலையைத் தம் வீட்டிலும் வகுப்பறையிலும் எதிர்கொண்டவர்கள் எழுதிய கடிதங்களும் இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. எழுதியவர்களின் பெயரையும் பள்ளியின் பெயரையும் வெளியிடவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து எழுதினார்கள் என்பது மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: கோபிசெட்டிபாளையம் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் பூச்சாட்டிக் கம்பம் நட்டதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரையிலான நாட்களில், ஓர் இரவு முன்னாள் மாணவர்கள் நாடகம் போடுவது வழக்கம். இந்த ஆண்டு நாடகத்தை என்னை எழுதச் சொன்னார்கள். இருபத்தாறு வயதுள்ள கணக்காசிரியர் ஒருவர்மீது பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி மனத்தைப் பறிகொடுத்து, வீட்டுப்பாட நோட்டுக்குள் கடிதம் வைத்துக் கொடுக்கிறாள். அதன்பின் அவர் என்ன செய்கிறார் என்பதே கதை. முடிவைப் பற்றித்தான் இப்போது சண்டை. மாணவி கிணற்றில் விழுந்து இறந்தால்தான் சனங்கள் கலங்குவார்கள் என்கிறார் நன்கொடை தருபவர். அவள் கல்லூரி முடித்தபின் அவரையே மணப்பதாக முடிக்கலாம் என்கிறார்கள் நடிக்கும் பையன்கள். ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் வம்பில்லை என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். எது சரியான முடிவு? நாடகத்தில் வரும் மூத்த தமிழய்யா, "அழலின் நீங்கான் அணுகான் அஞ்சி" என்ற நன்னூல் அடியைச் சொல்லி மாணவிக்குப் புத்தி சொல்லும் காட்சியும் உண்டு. அது பொருந்துமா?

பதில்: மூன்று முடிவுகளுமே வேண்டாம் என்பது என் கருத்து. கிணற்றை முதலில் விலக்கிவிடுங்கள். நாடகத் திடலில் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள்; அவர்களில் ஒருத்தியின் புத்தகப் பைக்குள் அப்படி ஒரு கடிதம் அன்று இரவே இருக்கக்கூடும். மேடையில் ஒரு பெண் செத்தவுடன் ஊரே முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்க்கும் அவள், உயிரோடு இருக்கும்வரை கிடைக்காத இரக்கம் செத்தபின் கிடைக்கும் என்ற பாடத்தைத்தான் வீட்டுக்கு எடுத்துச் செல்வாள். தற்கொலையைத் துயரத்துக்குத் தீர்வாகக் காட்டும் கதைகள் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் இளையோரைத் தள்ளிவிடும் என்பதற்காகவே உலக சுகாதார நிறுவனம் பத்திரிகையாளர்களுக்கும், திரைப்படமும் நாடகமும் எடுப்பவர்களுக்கும் தனித்தனியே வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. நன்கொடையைத் திருப்பித் தர நேர்ந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

திருமண முடிவு இனிப்பாக இருப்பதாலேயே எனக்குக் கூடுதலாக அச்சம் தருகிறது. அப்படி மணந்து நல்லபடி வாழ்கிற தம்பதியர் நம் பக்கத்திலும் இருப்பார்கள். அவர்களுடைய குடும்பத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் மேடையில் அதைப் பரிசாக வைத்தால், கடிதம் எழுதிய பிள்ளைக்குக் "காத்திரு, கிடைக்கும்" என்றும், அதைப் பெற்ற ஆசிரியருக்குக் "காத்திருந்தால் குற்றமில்லை" என்றும் நாடகம் சொல்லிவிடும். செய்முறை மதிப்பெண்ணும், வருகைப் பதிவேடும், நன்னடத்தைச் சான்றிதழும் ஒருவர் கையில் இருக்க, மற்றவர் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் முளைத்த ஓர் எண்ணத்தை, இருவரும் சமமாக நின்று எடுத்த முடிவாகக் காட்டுவது உண்மைக்குப் பொருந்தாது.

மாறுதல் முடிவில் அப்படிப்பட்ட ஆபத்து இல்லை. ஆனாலும் அந்த ஆசிரியர் செய்யவேண்டிய வேலையைச் செய்யாமலே பஸ் ஏறிவிடுகிறார். மறுநாள் அந்தப் பள்ளியில் மிச்சமிருப்பவள் அவள்தான். "நல்ல வாத்தியாரை ஊரைவிட்டு ஓட்டியவள்" என்ற பேச்சை அவள் பிளஸ் டூ முடிக்கும்வரை, ஏன், அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலம்வரை, சுமக்கவேண்டியிருக்கும்.

அப்படியானால் நாடகம் எதைக் காட்டவேண்டும்? கடிதம் கிடைத்த மதியத்திலிருந்து அடுத்த சில நாட்களில் ஒரு வளர்ந்த மனிதர் ஒழுங்காக நடந்துகொள்வதை, அதில் உள்ள கடினத்தோடு, ஒவ்வோர் அடியாகக் காட்டவேண்டும். நம் மேடைகளில் யாரும் காட்டாத காட்சி அதுவே. அவர் அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உள்ளுக்குள் ஒரு கணம் பெருமை வந்துபோவதை மறைக்காதீர்கள். இருபத்தாறு வயதில், வேலைக்கு வந்த புதிதில், தன்னை ஒருவர் அவ்வளவு உயர்வாக நினைத்து எழுதியதைப் படித்தால் யாருக்கும் அது வரும். வந்தபின் என்ன செய்கிறார் என்பதில்தான் அவர் ஆசிரியரா இல்லையா என்பது இருக்கிறது.

அவர் அதைக் கிழித்தெறியக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளவும் கூடாது. பதில் எழுதவே கூடாது. அன்றே உறையிலிட்டுத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்து, மூத்த ஆசிரியை ஒருவருக்கும் தெரிவிக்கவேண்டும். இந்த இரண்டு பேருக்கு அப்பால் மூன்றாவது காதுக்கு அது போகக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பள்ளியில் ஆசிரியர் அறையில் இப்படி ஒரு கடிதம் வாசிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம்போட்ட தாள், நான்காக மடித்திருந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, "நெஞ்சம்" என்பதில் அவள் விட்டிருந்த எழுத்துப் பிழையைச் சொல்லி மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் அந்நேரம் சாக்பீஸ் டப்பா வாங்க வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. கடிதம் எழுதியது ஒரு குழந்தையின் தடுமாற்றம்; அதை வாசித்துச் சிரித்தது பெரியவர்களின் கொடுமை. உங்கள் நாடகத்தில் ஒரு காட்சியாவது இதற்கு இடம் கொடுத்தால், திடலில் இருக்கும் ஆசிரியர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

பிறகு அவர் அவளிடம் பேசியாகவேண்டும். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவதைப் பலர் கண்ணியம் என்று நினைக்கிறார்கள். பிள்ளைக்கோ அது தண்டனையாகப் படும், அல்லது அதிலும் ஏதோ பொருள் இருப்பதாக அவள் கற்பனை செய்துகொள்வாள். பூட்டிய அறையிலோ மாடிப்படி மறைவிலோ பேசக் கூடாது. நடைவராண்டாவில், பத்தடி தள்ளி அந்த மூத்த ஆசிரியை நோட்டுத் திருத்திக்கொண்டிருக்க, அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பேசட்டும். பேச்சும் நீளவேண்டியதில்லை. நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதிப் பாருங்கள்: "இங்க பாரும்மா, நீ எழுதுனதப் படிச்சேன். நீ ஒண்ணும் தப்புப் பண்ணிப்போடல, அதுக்காக உன்னை யாரும் வைய மாட்டாங்க. ஆனா இதுக்கு எங்கிட்ட இருந்து பதில் வராது. நான் உனக்கு வாத்தியார். இன்னைக்கும் அப்படித்தான், நீ படிச்சு முடிச்சுப் போனப்புறமும் அப்படித்தான். ஹெட்மாஸ்டருக்கும் டீச்சருக்கும் சொல்லியிருக்கறேன், வேற யாருக்கும் தெரியாது. நாளைக்கு எப்பவும் போல வந்து உக்காந்து சந்தேகம் கேக்கோணும்." இதில் மன்னிப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை, "பிற்பாடு பார்க்கலாம்" என்ற இழையும் இல்லை. யாருக்கெல்லாம் தெரியும் என்பதை அவளிடமே சொல்லிவிடுவது மிக முக்கியம்; அதை மறைத்தால், பிறகு தெரியவரும்போது காட்டிக்கொடுத்துவிட்டார் என்று நொறுங்கிப்போவாள்.

அவளுக்கு அந்த எண்ணம் ஏன் வந்தது என்பதையும் ஒரு காட்சியில் சொல்லுங்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போன அப்பா ஆண்டில் பாதிக்கு மேல் வீட்டில் இல்லை. அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்துக் கம்பெனி வண்டியில் வந்து இறங்கும்போது இரவு பத்தாகிவிடுகிறது என்று வையுங்கள். "சாப்பிட்டியா? ஏன் முகம் வாடியிருக்கு?" என்று அவளிடம் நாள்தோறும் கேட்கும் ஒரே பெரிய மனிதர் வகுப்பாசிரியராக இருந்தால், அந்தப் பரிவை அவள் வேறொன்றாகப் புரிந்துகொள்வதில் என்ன வியப்பு? அவள் தேடியது தன்னைக் கவனிக்கும் ஒருவரை. அதற்கு அவளுக்குத் தெரிந்திருந்த பெயர், திரைப்பாட்டுகள் கற்றுக்கொடுத்த காதல் என்ற ஒன்றுதான். ஆகவே அந்த ஆசிரியை அவளைச் சாயங்காலம் உட்காரவைத்துப் பேசுவதும், அம்மாவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டாமல் பிள்ளை தனியாக இருப்பதைப் பற்றி மட்டும் பேசுவதும் கதைக்குள் வரவேண்டும்.

நன்னூல் அடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பவணந்தி முனிவரின் அடி உங்கள் மேடையில் ஒலிப்பது பொருத்தமே. நெருப்பில் குளிர்காய்பவனைப் போல, விட்டு விலகாமலும் மிக நெருங்காமலும் ஆசிரியரிடம் பழகவேண்டும் என்று அது மாணாக்கனுக்குச் சொல்கிறது. ஆனால் தமிழய்யா அதை மாணவியிடம் சொல்வதாக வைக்காதீர்கள்; அந்த இளம் ஆசிரியரிடம் சொல்லட்டும். எவ்வளவு தூரம் என்று அளக்கும் பொறுப்பைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கமுடியாது. குளிர்காய வந்த குழந்தை கையை நீட்டினால், நெருப்புத்தான் தன் எல்லைக்குள் நிற்கவேண்டும். அவரும் அணைந்துபோய்விடக் கூடாது. மறுநாள் வகுப்பில் அவள் கையைத் தூக்கினால் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில் அவளுக்கும் பதில் சொல்லவேண்டும். முடிவு கேட்டீர்களே, இதுவே போதும்: அவள் கை தூக்கத் தயங்குகிறாள், பிறகு தூக்குகிறாள், அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து போடுகிறார்.

கேள்வி: இதையெல்லாம் கோயில் திடலில் நாடகமாகப் போட்டால், பிள்ளைகளுக்கு இல்லாத எண்ணமெல்லாம் வந்துவிடாதா? – பல்லடம் வட்டத்திலிருந்து ஒரு தாத்தா.

பதில்: பேரப்பிள்ளைகளின் மேலுள்ள அக்கறையில் கேட்கிறீர்கள் என்பது தெரிகிறது, அய்யா. ஆனால் அந்த எண்ணத்தை நாடகம் கொண்டுவரப்போவதில்லை. மாணவன் ஆசிரியையைத் துரத்திப் பாட்டுப் பாடுவதைக் கேலியாகவும் வீரமாகவும் காட்டும் திரைக்காட்சிகளைப் பிள்ளைகள் கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்க்காதது, அப்படி ஒன்று நேர்ந்தால் பெரியவர்கள் கத்தாமல், சிரிக்காமல், யாரையும் கெடுக்காமல் அதைக் கையாள முடியும் என்பதைத்தான். உங்கள் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து நாடகத்தைப் பாருங்கள்; முடிந்ததும் அவளாக ஏதாவது கேட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது இருபத்துநான்கு. உடுமலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பிளஸ் டூ மாணவன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கு "சாப்பிட்டீங்களா மிஸ்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினான். பாடத்தில் சந்தேகம் கேட்கிறானே என்று முதலில் பதில் போட்டேன். இப்போது நான் பஸ் ஏறும் இடத்தில் நிற்கிறான். இன்ஸ்டாகிராமில் என் படத்தைப் போட்டு இதயக் குறி வைக்கிறான். மற்றப் பையன்கள் என் வகுப்பில் அவன் பெயரைச் சொல்லிக் கூச்சலிடுகிறார்கள். தாளாளரிடம் சொன்னபோது, "நீங்கள் சேலையை ஒழுங்காக உடுத்துங்கள், பையன்களோடு சிரித்துப் பேசாதீர்கள்" என்றார். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையை விடவேண்டாம், அம்மா. தாளாளர் சொன்னது தவறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதுப் பையனின் மயக்கத்துக்கு ஆசிரியையின் சேலை மடிப்பில் காரணம் தேடும் நிர்வாகம், தான் செய்யவேண்டிய வேலையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறது.

இன்றிலிருந்து அவனுடைய தனிச் செய்திகளுக்குப் பதில் போடாதீர்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம். நாளும் நேரமும் தெரியும்படி எடுத்து வையுங்கள். சக ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் அவற்றைப் போட்டுவிடாதீர்கள். ஆறுதலுக்காகப் பகிர்ந்த படம் மறுநாள் மாணவர்கள் கைக்கு வந்துவிடும், பிறகு அதை யாராலும் திரும்ப வாங்கமுடியாது. நடந்ததைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி முதல்வரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பம் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது நாளைக்குச் சொல்லாததாக மாறிவிடும். கையொப்பமிட்ட நகல், ஊர் உங்களைப் பற்றி வேறுவிதமாகப் பேசும் நாளில் உங்களுக்குக் காவல். பாடச் சந்தேகங்களுக்கு வகுப்புக் குழு ஒன்று இருக்கட்டும்; அதில் இன்னோர் ஆசிரியரும் நிர்வாகியாக இருக்கட்டும்; மாலை ஒரு நேரத்துக்குப் பின் அதில் யாரும் எழுதக் கூடாது என்பதைப் பள்ளியே விதியாக வைக்கட்டும்.

பையனிடம் பேசுவதை உங்கள் தோளில் மட்டும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அவனுக்கு நெருக்கமான ஆசிரியர் ஒருவரும் முதல்வரும் அவனையும் பெற்றோரையும் அழைத்து, பஸ் நிறுத்தத்தில் நிற்பதும் படம் போடுவதும் இன்றோடு நிற்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். நீங்கள் அவனிடம் சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் முதல்வர் முன்னிலையில்: "நான் உன் ஆசிரியை, இனித் தனியாகச் செய்தி அனுப்பாதே." கோபத்தில் வகுப்பின் நடுவே அவனை அவமானப்படுத்திவிடாதீர்கள். பெண் பிள்ளைக்குக் காட்டச் சொன்ன அதே பரிவு அவனுக்கும் உரியது. பதினெட்டு நிறையாதவன் ஆணானாலும் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான். பையன் தொடங்கினான் என்பதற்காக ஆசிரியையின் பொறுப்பு ஒரு துளியும் குறையாது. அதேநேரம் அவன் உங்கள் படத்தைத் திரித்து வெளியிட்டாலோ, மிரட்டினாலோ அது மயக்கம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. காவல்துறையிடம் போவதற்குத் தயங்கவேண்டாம்.

கேள்வி: பவானியில் ஜமுக்காளத் தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை பிசிக்ஸ் சார் புராணம்தான் பாடுகிறாள். அவர் பெயரை நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டேன். வீட்டுக்காரருக்குத் தெரிந்ததும், "படிப்பு போதும், பனியன் கம்பெனிக்கு அனுப்பு, இல்லையென்றால் மாப்பிள்ளை பார்த்துவிடலாம்" என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பதில்: பள்ளியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நோட்டில் பெயர் எழுதியதற்குத் தண்டனையாக ஒரு பிள்ளையின் படிப்பு முழுவதையும் பறிப்பது நியாயமாகாது. பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்துவைத்தால், 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி செய்துவைத்த பெற்றோரும் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் இப்போது கண்டுபிடிக்கவேண்டியது ஒன்றே: இது உங்கள் மகளின் மனத்துக்குள் மட்டும் நடக்கிறதா, அல்லது அந்தப் பக்கத்திலிருந்தும் ஏதாவது வருகிறதா? நோட்டை நீட்டி "என்னடி இது" என்று கேட்டால் பதில் வராது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், தறிச் சத்தம் ஓய்ந்த நேரத்தில், அவரைப் பற்றி அவள் பேசும்போது பேசவிட்டுக் கேளுங்கள். அவர் நன்றாகப் பாடம் நடத்துகிறார், எல்லோரிடமும் அன்பாக இருக்கிறார், தன்னைப் பாராட்டினார் என்ற அளவில் பேச்சு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது தானாக வடிந்துவிடும், போகிற போக்கில் பிசிக்ஸிலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவாள்.

ஆனால் அவர் தனியாகச் செய்தி அனுப்புகிறார், "படித்ததும் அழித்துவிடு" என்கிறார், பரிசு தருகிறார், மற்றப் பிள்ளைகள் போனபின் இருக்கச் சொல்கிறார், தன் வீட்டுக் கவலைகளை அவளிடம் சொல்லி அழுகிறார், "நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்" என்கிறார் என்று தெரியவந்தால் அன்றே எழுந்து நில்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கும் போக்சோ சட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் தொடர்ந்து பின்தொடர்வதும், கைப்பேசி வழியாகத் தொடர்புகொண்டே இருப்பதும்கூட அச்சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாலியல் தாக்குதலைச் செய்தவர் அந்தக் கல்வி நிறுவனத்தின் ஊழியராக இருந்தால், சட்டம் அதைக் கடுமையான வகையில் வைத்துத் தண்டனையைக் கூட்டுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அவ்வகையில் மிகக் கொடிய குற்றத்துக்குக் குறைந்தது இருபது ஆண்டுச் சிறை. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பவரும் தண்டனைக்குரியவரே. தன் ஊழியர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று யார் வந்து உட்கார்ந்தாலும் இதைச் சொல்லுங்கள். மகளின் பெயரோ படமோ எந்தச் செய்தியிலும் வரக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. மானம் போய்விடும் என்று அஞ்சவேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் உங்களுக்கு வழி காட்டும்.

இப்போதைக்கு அப்படி எதுவும் இல்லையென்றால் அந்த ஆசிரியரின் வீட்டுக்கு ஆள் அனுப்புவதோ, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சத்தம் போடுவதோ வேண்டாம். ஒன்றும் அறியாத ஒருவர்மேல் பழி விழுந்துவிடும். உங்கள் மகளும் இனி எதையும் உங்களிடம் சொல்லமாட்டாள்.

கேள்வி: நான் ராசிபுரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறேன். எங்கள் சாரை எனக்குப் பிடித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி ஸ்டடி நேரத்தில் புத்தகத்தைத் திறந்தால் அவர் முகம்தான் தெரிகிறது. நான் கெட்ட பெண்ணா?

பதில்: இல்லை, கண்ணு. நீ கெட்ட பெண் இல்லை. காலை ஐந்து மணிக்கு மணி அடித்து எழுப்பி, இரவு வரை தேர்வு தேர்வு என்று உட்காரவைக்கும் இடத்தில், அம்மா அப்பா முகத்தைப் பண்டிகைக்குத்தான் பார்க்கமுடியும் என்ற நிலையில், பரிவாகப் பேசும் ஒருவர்மேல் மனம் போய் ஒட்டிக்கொள்வது இயல்பு. உன் அறைத் தோழிகளில் இன்னும் ஒருத்திக்காவது இப்படி நேர்ந்திருக்கும், அவளும் சொல்லியிருக்கமாட்டாள்.

அவர் நல்ல ஆசிரியர் என்பதால் உனக்குப் பிடித்திருக்கிறது. அந்த நல்ல ஆசிரியர் அப்படியே உனக்கு வேண்டுமென்றால், இதை அவரிடம் கொண்டுபோகாதே. கடிதமாகவும் வேண்டாம், கைப்பேசியிலும் வேண்டாம். ஆனால் மனத்துக்குள்ளேயே பூட்டியும் வைக்காதே. நோட்டில் எழுது, எழுதியதை உன்னிடமே வைத்துக்கொள். உனக்கு நம்பிக்கையான அக்காவிடமோ சித்தியிடமோ ஊருக்குப் போகும்போது சொல். வார்டன் கேட்கக்கூடியவராக இருந்தால் அவரிடம் "எனக்குப் படிப்பில் மனம் நிற்கவில்லை" என்ற அளவில் தொடங்கலாம். காரணம் முழுவதையும் முதல் நாளே சொல்லவேண்டியதில்லை. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் போனால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடு. தமிழிலேயே பேசலாம், காசு ஆகாது. ஒருவேளை அவராகவே உன்னிடம் எல்லை மீறி ஏதாவது பேசினால் அது உன் விருப்பத்தால் நடந்ததாக ஆகாது, உன் குற்றமும் ஆகாது. பள்ளியில் "மாணவர் மனசு" பெட்டி இருந்தால் அதில் எழுதிப் போடு, இல்லையென்றால் 1098க்குப் பேசு. இந்த மாதம் ஊரிலிருந்து ஃபோன் வரும்போது, மதிப்பெண்ணைச் சொல்லி முடித்தபின் அம்மாவிடம் இன்னும் ஐந்து நிமிடம் பேசு.

கேள்வி: கோபி நாடகக் குழுவில் நானும் ஒருவன். மாணவி வேடத்துக்கு எங்கள் ஊர்ப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணையே கேட்கலாம் என்று இருக்கிறோம். நன்றாக நடிப்பாள், வயதும் பொருந்தும். சரிதானே?

பதில்: வேண்டாம், தம்பி. நாடகம் ஓர் இரவில் முடிந்துவிடும். அந்தப் பெண் அடுத்த நாள் அதே ஊர்த் தெருவில் பள்ளிக்கு நடந்துபோகவேண்டும். டீக்கடைத் திண்ணையிலும் பஸ்ஸிலும் அவளை அந்த வேடத்தின் பெயரால் கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். அவளுடைய உண்மையான கணக்கு வாத்தியாரையும் சேர்த்துப் பேசுவார்கள். பதினெட்டு கடந்த கல்லூரி மாணவி ஒருவரையோ, இளம் ஆசிரியை ஒருவரையோ, அவர் வீட்டாருக்கும் கதையை முழுக்கச் சொல்லி, கேட்டுப் பாருங்கள். இரட்டைச் சடையும் சீருடையும் போட்டால் வயது தெரியாது. ஒத்திகையை இரவு எட்டு மணிக்கு மேல் இழுக்காமல், அவரை வீட்டில் கொண்டுவந்து விடும் பொறுப்பையும் குழுவில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். நாடகம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பெயர்களைப் படிக்கும்போது, 1098, 14417 என்ற இரண்டு எண்களையும் நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொல்லிவிடுங்கள்.